மாரடைப்பு: கரைப்பு மருந்தும் ஆஞ்சியோபிளாஸ்டியும்

இதயத் தமனி முழுதும் அடைபட்ட மாரடைப்பில் இரத்த ஓட்டத்தை மீட்க இரு முதன்மை வழிகள் உண்டு. உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறு மருத்துவமனையிலும் ஊசிவழி செலுத்தலாம். அத்தகைய மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிரிழப்பைக் குறைப்பதை 1986இல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு காட்டியது. மூளை இரத்தக்கசிவு கரைப்பு மருந்தின் அரிய, கொடிய விளைவு. இரண்டாவது வழியான ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது பலூன் பொருத்திய நுண்குழாயால் அடைப்பை விரிப்பது, தமனியை மருந்தைவிட உறுதியாகத் திறக்கும். டென்மார்க்கின் டனாமி-2 ஆய்வில் (2003) 1,572 நோயாளிகளிடம் இரண்டும் ஒப்பிடப்பட்டன. 30 நாட்களுக்குள் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் மருந்துப் பிரிவில் 13.7%, ஆஞ்சியோபிளாஸ்டிப் பிரிவில் 8%. மறு மாரடைப்பு குறைந்ததே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம். அங்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனைக்கு நோயாளிகளை மாற்றுவது பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் முடிந்தது. இதை விட்டுவிட்டு அம்முடிவைப் பிற நாடுகளுக்குப் பொருத்துவது தவறு. 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி இயலாதெனில், கரைப்பு மருந்துக்கு மருத்துவத் தடையேதும் இல்லாதவருக்கு அதை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.