நினைவு மலரிலிருந்து நத்தார்ப் புத்தகம்வரை: புலம்பெயர் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் ஆவண மரபு

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இறப்பை எழுதிவைத்த அளவுக்குப் பண்டிகையை எழுதிவைக்கவில்லை. இறந்த 31ஆம் நாளில் நடக்கும் அந்தியேட்டிக்கு அச்சாகி வரும் நினைவு மலரில் இறந்தவரின் பிறப்பு, படிப்பு, உத்தியோகம், வம்சாவளி எல்லாம் இருக்கும். அதே வீட்டில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) குடில் கட்டியவர் யார், கேக் அடித்தவர் யார் என்பது இராது. மேற்குச் சிட்னியில் வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு இந்த இடைவெளி பெரிய இழப்பு. படம், வாழ்த்தட்டை, கைக்குறிப்பு ஆகியவற்றை ஒட்டிச் சேர்க்கும் குடும்பப் புத்தகம் இதை நிரப்பவல்லது. அதை மேலைநாட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், நினைவு மலர் மரபின் அடுத்த கட்டமாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இறப்பைச் சுற்றிய எழுத்து

யாழ்ப்பாண வழக்கில் ‘கல்வெட்டு’ என்பது இறந்தவர்மீது பாடப்படும் செய்யுள் நூலையும் குறிக்கும். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, குடிவழி, சுற்றத்தார் புலம்பல் என்று அதற்கு ஒரு முறைமை உண்டு. அச்சு பெருகியபின் இது படமும் உரைநடையும் சேர்ந்த நினைவு மலராக வளர்ந்தது. சைவர் தேவார திருவாசகங்களையும் கிறிஸ்தவர் செபங்களையும் பாமாலைகளையும் சேர்த்தனர். 31ஆம் நாள் வீட்டுக்கு வந்தவர் கையில் ஒரு பிரதி கிடைக்கும். ஒரே புத்தகம் பல வீடுகளுக்குப் பரவியதால், ஒரு வீடு எரிந்தாலும் குடும்ப வரலாறு எங்கோ ஓர் அலுமாரியில் தப்பியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் பல இன்று வாசிக்கக் கிடைப்பதற்கு இந்தப் பரவலும் ஒரு காரணம்.

பண்டிகையின் சிதறிய சான்றுகள்

நத்தாருக்கு அப்படி ஒரு நூல் அமையவில்லை. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கமும், 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனும் இருவேறு நத்தார் வழக்கங்களுக்கு வழிவகுத்தன. ஒன்றில் பாலன் குடிலும் நள்ளிரவுப் பூசையும் முதன்மை. மற்றதில் கீதமும் ஞாயிறு பாடசாலை விழாவும் முதன்மை. பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு ஆகியவை சைவ வீட்டுத் தீபாவளிக்கும் கிறிஸ்தவ வீட்டு நத்தாருக்கும் பொது.

இவற்றுக்கு எஞ்சும் எழுத்துச் சான்று பெரும்பாலும் பெண்கள் சமையற் குறிப்பு எழுதிவைத்த சி.ஆர். கொப்பிதான். கேக்குக்கு ரவை, பட்டர், கஜு, பூசணி அல்வா, இஞ்சிப்பாகு என்று பட்டியல் போகும். அளவு றாத்தலில் இருக்கும். செய்முறை ஓரிரு வரியோடு நின்றுவிடும், ஏனெனில் செய்பவருக்கு மீதி தெரியும். அடுத்த தலைமுறைக்குத் தெரியாமற்போனது அந்த மீதிதான். படங்களின் நிலையும் இதுவே. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் போன்ற ஸ்டூடியோக்கள் குடும்பத்தை நிற்கவைத்துப் படமெடுத்தன, அடுப்படியை எடுக்கவில்லை.

சுவீடன் தரும் ஒப்பீடு

பண்டிகை வழக்கத்தை ஒரு நாடே எழுதிவைத்ததற்குச் சுவீடன் நல்ல எடுத்துக்காட்டு. ஆர்தர் ஹாசேலியஸ் 1873இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கிய சேகரிப்பே நோர்டிஸ்கா அருங்காட்சியகமாக வளர்ந்தது. அது 1928 முதல் வினாக்கொத்துகளை அனுப்பி, சாதாரண மக்களிடமே அவர்களுடைய வழக்கங்களை எழுதி வாங்கியது. டிசெம்பர் 13இல் வரும் புனித லூசியா நாளின் ஊர்வலம் நாடெங்கும் பரவ, 1927இல் ஒரு ஸ்டொக்ஹோம் நாளிதழ் நடத்திய விழா தூண்டுகோலானது. வீடுகளிலோ, பிள்ளைகள் வண்ண அச்சுப் படங்களை அல்பங்களில் ஒட்டிச் சேர்த்தார்கள். அங்கே நிறுவனம், பத்திரிகை, வீடு மூன்றும் ஒரே வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. நமக்கு அப்படிக் கேட்டு எழுதி வாங்கிய பெரிய அருங்காட்சியகம் எதுவும் வாய்க்கவில்லை. இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1981இல் எரிக்கப்பட்டது.

இடப்பெயர்வும் வென்ட்வேர்த்வில்லும்

இலங்கையில் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவுக்குத் தமிழர் வரவு பெருகியது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பையில் ஏறின. அல்பங்கள் பல வீட்டோடு போயின. 2021 கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் 95,000க்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வென்ட்வேர்த்வில் அவர்களின் முக்கிய வாழிடங்களுள் ஒன்று. மார்கழி மழைக்கும் பனிக்கும் பழகிய நத்தார் இங்கே கடும் கோடையில் வருகிறது. வைக்கோல் குடில் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. ஊர்ப் பேக்கரிப் போறணையில் வெந்த கேக் வீட்டு அவனில் வேகிறது. இந்த மாற்றங்களும் எழுதிவைக்க வேண்டிய வரலாறுதான்; அதற்கு ஏற்ற வடிவம் ஒட்டிச் சேர்க்கும் குடும்பப் புத்தகம்.

இன்று உலகமெங்கும் காணும் ‘ஸ்கிராப்புக்’ (ஒட்டுப் புத்தக) மோகம் 1980களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடும்ப வரலாறு பேணும் மோர்மன் சமூகத்திலிருந்து கிளம்பியது. அதன் வலு அலங்காரத் தாளில் இல்லை. படத்தின் பக்கத்தில் எழுதும் பழக்கத்தில் இருக்கிறது. கைபேசியில் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன; பெயரும் ஊரும் உறவும் அவற்றோடு சேர்வதில்லை.

முடிவுரை

நினைவு மலரின் பலம் இரண்டு: எழுத்து, பல பிரதிகள். நத்தார்ப் புத்தகத்துக்கும் அவை இரண்டும் வேண்டும். அமிலமற்ற தாளில் ஒட்டுங்கள். பசைப் பக்கமுள்ள பழைய அல்பங்களில் பசை மஞ்சளித்துப் படத்தைக் கெடுத்துவிடும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன முறை என்பதை ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள். அம்மம்மாவின் கொப்பியில் விடுபட்ட செய்முறையை அவரிடமே கேட்டு நிரப்புங்கள். ஒரு பிரதியை உறவினருக்குக் கொடுங்கள். ஒரு பிரதியை ஸ்கேன் செய்து ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு அளியுங்கள். 31ஆம் நாளில் எழுதத் தொடங்கினால், கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார்.