பிரைமரி தேர்தல் கருத்துக்கணிப்புகள்

அமெரிக்காவில் அதிபர் பதவிக்குத் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கும் உட்கட்சித் தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். மாநிலம் மாநிலமாக, பல மாதங்கள் நடக்கும் தேர்தல் இது. இதையொட்டி எடுக்கப்படும் கருத்துக்கணிப்புகளின் போக்கை வாசிப்பது தனிப் பயிற்சி கேட்கும் வேலை. பொதுத்தேர்தலில் பெரும்பாலோருக்குக் கட்சிப் பிடிப்பு என்ற நங்கூரம் உண்டு. பிரைமரியில் மோதுவோர் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள். வாக்காளர் ஒருவரை விட்டு இன்னொருவருக்கு மாறுவதில் மனத்தடை ஏதும் இல்லை. பிரைமரி கணிப்புகள் பொதுத்தேர்தல் கணிப்புகளைவிட அதிகமாகத் தவறுவதற்கு இதுவே முதல் காரணம்.

மாநிலப் பிரைமரிகள் 1912-லேயே பரவலாக நடந்தன. ஜார்ஜ் காலப் தம் கருத்துக்கணிப்பு நிறுவனத்தை 1935-இல் தொடங்கினார். ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு இவ்விரண்டுக்கும் பெரிய உறவு ஏற்படவில்லை. வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் தலைவர்களே முடிவுசெய்தார்கள். 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்பில் மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பிரைமரியே வேட்பாளரைத் தீர்மானித்தது. கணிப்புகளும் அன்றாடச் செய்தியாயின.

புதிய முறையின் முதல் பாடங்கள் உடனே வந்தன. 1972-இல் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கி ஏப்ரலிலேயே ஒதுங்கினார். 1976 ஜனவரியில் காலப் கணிப்பில் 4 சதவீத ஆதரவு மட்டுமே பெற்றிருந்த ஜிம்மி கார்ட்டர் அந்த ஆண்டே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979 கோடையில் அதே கார்ட்டரைவிட எட்வர்ட் கென்னடிக்கு இரு மடங்கு ஆதரவு இருந்தது. நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயக்கைதிகளாக்கப்பட்டதும் நாடு அதிபரின் பின்னால் திரண்டது. முதலில் வாக்களித்த அயோவா மாநிலத்தில் கார்ட்டர் கென்னடியை 59-31 என வென்றார். முதல் வாக்கு விழுவதற்குப் பல மாதங்களுக்கு முந்தைய தேசியக் கணிப்பு, யாருடைய பெயர் ஊருக்குத் தெரியும் என்பதையே பெரிதும் அளக்கிறது. தேர்வு என்பது அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

இரண்டாவது பாடம் வேகம் பற்றியது. 1984-இல் கேரி ஹார்ட் அயோவாவில் வால்டர் மாண்டேலுக்கு வெகு தொலைவு பின்னால், சுமார் 16 சதவீதத்துடன் இரண்டாமிடம் பெற்றார். எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயரை வென்றார். ஓரிடத்து முடிவு அடுத்த இடத்து வாக்காளரின் மனத்தை மாற்றும் இந்த உந்துவிசையை லாரி பார்ட்டெல்ஸ் 1988-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். நேற்று ஒரு மாநிலம் வாக்களித்திருந்தால், முந்தின நாள் எடுத்த கணிப்பு பழங்கதையாகிவிடுகிறது.

இத்துறையில் மிக நுணுகி ஆராயப்பட்ட ஆண்டு 2008. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் டெ மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக ஆன் செல்சர் எடுத்த அயோவா கணிப்பு வெளியானது: பராக் ஒபாமா 32, ஹிலாரி கிளிண்டன் 25, ஜான் எட்வர்ட்ஸ் 24. வரப்போகிறவர்களில் 60 சதவீதம் பேர் முதன்முறையாக காக்கஸ் எனும் உட்கட்சி வாக்களிப்புக் கூட்டத்துக்கு வருபவர்கள் என்றும் அது சொன்னது. போட்டிப் பிரசாரக் குழுக்கள் இதை நம்ப மறுத்தன. ஜனவரி 3 அன்று அயோவாவில் 2004-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்குக் கூட்டம் திரண்டது. ஒபாமா சுமார் 38 சதவீதம் பெற்று வென்றார். செல்சர் பழைய கூட்டத்தின் சாயலுக்கு மாதிரியைத் திருத்தாமல், வருவோம் என்று சொன்னவர்களை அப்படியே ஏற்றார். யார் வரப்போகிறார்கள் என்ற அனுமானம் பல சமயம் யாருக்கு ஆதரவு என்ற கேள்வியைவிடப் பெரியது.

ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் எல்லாம் தலைகீழானது. கணிப்புகளின் சராசரி ஒபாமாவுக்கு எட்டுப் புள்ளி முன்னிலை காட்டியது. கிளிண்டன் 39-36 என வென்றார். அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை, ஒற்றைக் குற்றவாளியைத் தேடாமல் பல காரணங்களைச் சொன்னதற்காகவே பாராட்டத்தக்கது. அவசரத்தில் எடுத்த கணிப்புகளில், முதல் ஓரிரு அழைப்பில் கிடைத்தவர்களே மிகுதி; பலமுறை அழைத்தும் சிக்காதவர்களிடையே கிளிண்டனுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது. சிலர் கடைசி நேரத்தில் முடிவெடுத்தார்கள். வாக்குச்சீட்டுகூட ஒரு காரணமாக இருந்திருக்கலாம்: பெயர்வரிசை எந்த எழுத்தில் தொடங்குவது என்று குலுக்கியதில் ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்து வந்தது, அதை அடுத்து முதலெழுத்திலிருந்து தொடங்கியதால் கிளிண்டன் மேலேயும் ஒபாமா மிகக் கீழேயும் இருந்தார்கள்.

எண்களின் ஆட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயிரம் பேரிடம் எடுத்த தேசியக் கணிப்பில் ஒரு கட்சியின் பிரைமரி வாக்காளர்கள் நானூறு பேர்தான் தேறலாம். அப்போது ஒருவரின் ஆதரவு ஏறக்குறைய 5 புள்ளி மேலோ கீழோ இருக்கக்கூடும். இருவருக்கிடையிலான முன்னிலையின் பிழை வரம்பு அதைப்போல இரு மடங்கை நெருங்கும். இதனால்தான் 2000-க்குப் பின் பல கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி காணும் வழக்கம் பரவியது. அதுவும் எல்லாக் கணிப்பும் ஒரே திசையில் பிழைத்தால் கைவிட்டுவிடும். 2016-இல் மிச்சிகனில் கிளிண்டன் இருபது புள்ளி அளவுக்கு முன்னிலையில் இருப்பதாகச் சராசரிகள் காட்டின, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சாண்டர்ஸ் வென்றார்.

திடீர் ஏற்றங்களுக்கும் ஒரு வடிவம் உண்டு. 2011-12-இல் ரிக் பெர்ரி, ஹெர்மன் கெய்ன், நியூட் கிங்ரிச் என்று அடுத்தடுத்து ஏறி இறங்கியதை ஆராய்ந்த ஜான் சைட்ஸும் லின் வாவ்ரெக்கும் அதைக் கண்டெடுப்பு, ஆய்வுப் பார்வை, சரிவு என்ற மூன்று கட்டங்களாக விளக்கினார்கள். ஊடக வெளிச்சம் விழும்போது ஆதரவு ஏறுகிறது, கேள்விகள் தொடங்கும்போது இறங்குகிறது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் விவாதத்துக்குப் பின் கணிப்புகளில் ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தார். டிசம்பர் 3 அன்று, எந்த மாநிலமும் வாக்களிக்கும் முன்பே, விலகினார்.

கணிப்பு அளவுகோலாக இருப்பதை விட்டு வாசல் காவலாக மாறியதே அண்மைய வளர்ச்சி, கவலைக்குரியதும் அதுவே. 2015 ஆகஸ்ட் 6 குடியரசுக் கட்சி விவாதத்துக்கு, தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்து இடத்தில் இருந்தவர்களை மட்டும் ஃபாக்ஸ் நியூஸ் பிரதான மேடையில் ஏற்றியது. அந்தப் பத்துப் பேரில் வராத ரிக் பெர்ரி செப்டம்பரில் விலகினார். அக்டோபரில் காலப் நிறுவனம் பிரைமரியில் யார் முந்துகிறார் என்று கணிப்பதையே கைவிட்டது. ஆனாலும் 2019-இல் ஜனநாயகக் கட்சி முதல் விவாதத்துக்கு மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் என்பதை ஒரு தகுதியாக வைத்தது. செப்டம்பர் விவாதத்துக்கு அதை நான்கு கணிப்புகளில் 2 சதவீதமாக உயர்த்தியது. நானூறு பேர் கொண்ட மாதிரியில் முன்னது நான்கு பேர், பின்னது எட்டுப் பேர். அந்த நான்கு பேர் வித்தியாசத்தை அவ்வளவு சிறிய மாதிரியில் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாது.