கலிபோர்னியாவிலிருந்து மத்தளம்பாறைக்கு: மென்பொருள் பணியமர்த்தத்தின் இடப்பெயர்வு

முன்னுரை

மேலைநாட்டுப் புத்தொழில் நிறுவனங்கள் குறைந்த ஊதியம் நாடி இந்திய நிரலாளர்களைப் பணியமர்த்தின என்பதே கடல்கடந்த மென்பொருள் பணி குறித்து வழக்கமாகக் கூறப்படும் வரலாறு. அவ்வரலாறு பெங்களூர், ஐதராபாத், சென்னை ஆகிய பெருநகரங்களோடு நின்றுவிடுகிறது. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகே மலையடிவாரத்திலுள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் தொடங்கிய அலுவலகத்தை ஊதிய வேறுபாடு ஒன்றைக் கொண்டே விளக்கிவிட இயலாது. உருவாகும் பொருள் யாருடையது, பணிக்குத் தகுதி எது என்ற இரு வினாக்களே இங்கு முதன்மை பெறுகின்றன.

கடல்கடந்த பணியின் முதற்கட்டம்

டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 1974-இல் பர்ரோஸ் நிறுவனத்துக்குச் செய்த பணியிலிருந்து இந்திய மென்பொருள் ஏற்றுமதியைத் தொடங்கிச் சொல்வது வழக்கம். தொடக்கத்தில் ஏற்றுமதியானது மென்பொருளைக் காட்டிலும் மனிதர்களே. நிரலாளர்கள் வாடிக்கையாளரின் நாட்டுக்கே அனுப்பப்பட்டனர். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் அமைத்ததும், 1991-இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாகிச் செயற்கைக்கோள் இணைப்பை நிறுவனங்களுக்குப் பொதுவாக்கியதும் இந்நிலையை மாற்றின. மனிதர் இங்கிருக்க, நிரல் மட்டும் கடல் கடந்தது. எனினும் எந்தப் பணி, எவ்வளவு காலத்தில், எந்த ஊரில் என்பனவற்றை வாடிக்கையாளரே முடிவு செய்தார்.

ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோர் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், அமெரிக்காவில் விற்பனையையும் சென்னையில் நிரலாக்கத்தையும் வைத்துக்கொண்ட புத்தொழில் நிறுவனம். அமைப்பளவில் இதுவும் கடல்கடந்த பணியமர்த்தமே. ஆனால் சென்னையில் உருவானது பிறருக்கான ஒப்பந்த வேலையன்று; பிணைய மேலாண்மைக்கான சொந்த மென்பொருள். 2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நிறுவனம் மேனேஜ்எஞ்சின், பின்னர் ஜோஹோ எனப் புதிய பொருள்களை நோக்கித் திரும்பியது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என மாறியது. வெளி முதலீட்டாளர் எவரும் இல்லாமையால், உடனடி இலாபம் காட்டாத இத்தகைய திருப்பங்களுக்கு எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியிருக்கவில்லை. மத்தளம்பாறையை விளங்கிக்கொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

தகுதி என்னும் சிக்கல்

2004-05 காலத்தில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய ஜோஹோ பல்கலைக்கழகம், பெயரால் மட்டுமே பல்கலைக்கழகம். பின்னாளில் ஜோஹோ பள்ளி எனப்பட்டது. மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கு உதவித்தொகை அளித்து நிரலாக்கமும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்துப் பணியில் சேர்ப்பது இதன் முறை. பொறியியல் கல்லூரிகள் பெருகி, பட்டமே வேலைக்கு நுழைவுச்சீட்டு எனக் கருதப்பட்ட தமிழ்நாட்டில் இது வழக்கத்துக்கு மாறான முடிவு. நிரலாளரைச் சந்தையில் தேடும் நிறுவனம் நகரத்தை விட்டு விலக இயலாது. தானே பயிற்றுவிக்கும் நிறுவனத்துக்கு அக்கட்டாயம் இல்லை. பயிற்றுமுறை முன்னும் சிற்றூர் அலுவலகம் பின்னுமாக அமைந்த கால வரிசை இதனோடு பொருந்துகிறது.

தென்காசி வட்டாரத்தின் பழைய ஒப்பந்தம்

மத்தளம்பாறை அலுவலகம் தொடங்கியபோது இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நெல்லும் தென்னையும், சாரல் பருவத்துச் சுற்றுலா வணிகமும் இவ்வட்டாரத்தின் வருவாய் வழிகள். ஆலங்குளம், கடையம் பகுதிகளில் பீடி சுற்றுதல் பல்லாயிரம் பெண்களின் அன்றாடத் தொழில்.

தொலைவிலிருந்து வழங்கப்படும் வேலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதைப் பீடித் தொழிலே காட்டுகிறது. மத்திய இந்தியாவிலிருந்து வரும் இலையையும் பிற மாநிலப் புகையிலையையும் ஒப்பந்தக்காரர் அளந்து கொடுக்க, பெண்கள் வீட்டிலிருந்தே சுற்றித் திருப்புகின்றனர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கு. தரம் குறைந்ததாகக் கழிக்கப்படுபவை தொழிலாளியின் இழப்பு. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. வணிகப் பெயர் ஒருவரிடமும் உழைப்பு மற்றொருவரிடமும் இருக்கும் அமைப்பை அது மாற்றவில்லை. கடல்கடந்த ஒப்பந்த நிரலாக்கமும் இதே அமைப்பின் உயர்கூலி வடிவம் எனல் மிகையன்று.

இதனோடு ஒப்பிடும்போதே மத்தளம்பாறையின் வேறுபாடு தெளிவாகும். ஜோஹோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருளை உருவாக்கும் பணியில் தென்காசி அலுவலகம் முதன்மைப் பங்கு கொண்டது. துண்டுபட்ட வேலை வந்து சேரும் இடமாக அல்லாமல், உலகச் சந்தைக்கான ஒரு பொருளை வடிவமைக்கும் இடமாக அது அமைந்தது. நிறுவனரும் 2019-இல் அமெரிக்காவிலிருந்து இவ்வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தார். முடிவெடுப்போர் கலிபோர்னியாவிலும் உழைப்போர் தமிழகத்திலும் என்ற பழைய பிரிவினை இங்கு ஓரளவு தலைகீழாயிற்று.

'ஓரளவு' என்னும் சொல் இங்குத் தேவைப்படுகிறது. ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் உடன் நிறுவிய ஃபிரெஷ்வொர்க்ஸ், வெளி முதலீடு பெற்று வளர்ந்து, 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையை அடைந்தது. பெருநகரத்தில் திறனாளர் நிறுவனம் மாறுவதும், புதிய நிறுவனம் கிளைப்பதும் இயல்பு. சென்னை நிரலாளர் வீட்டை மாற்றாமலே வேலையை மாற்றலாம். தென்காசி நிரலாளருக்கு அத்தகைய வாய்ப்பு குறைவு. சொந்த ஊரில் பெற்றோருடன் வாழ்வதும், நகர வாடகையிலிருந்து விடுபடுவதும் மெய்யான நன்மைகள். அவற்றுக்கு ஈடாகப் பேரம் பேசும் வலிமை குறைகிறது. ஜோஹோ பள்ளி பல்கலைக்கழகப் பட்டம் வழங்குவதில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பட்டமின்றித் திறனை மதித்த நிறுவனத்திற்குள் அக்குறை புலப்படாது. பத்தாண்டு பட்டறிவுடன் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில், படிவத்தின் கல்வித்தகுதிக் கட்டத்தில் அந்நிரலாளர் எழுதக்கூடியது மேல்நிலைத் தேர்ச்சி மட்டுமே.