திருச்சி-சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா? குழப்பும் கடிகாரம்

திருச்சி,

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாங்க. ஆனாலும் முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு தூரம், நேரம் விஷயத்தில் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

திருச்சியில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் நேர்க்கோடு போட்டால் சுமார் 2,980 கிலோமீட்டர். வங்கக்கடலைத் தாண்டி, சுமத்ரா தீவின் வடமுனைப் பக்கமாகப் போகிறது இந்தக் கோடு. நேரடி விமானம் என்றால் 4 மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும். காற்று எதிர்த்து வீசினால் 10, 15 நிமிடம் கூடலாம். கோலாலம்பூர் இதைவிட 300 கிலோமீட்டர் கிட்டே.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்கள் ஒரு வாரம் போல கடலில் கிடந்தார்கள். சென்னையில் இருந்து போன 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் தீப்பிடித்ததோடு நின்று போனது.

இரண்டரை மணி நேரம்

சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுது. இங்கே இரவு 1 மணிக்கு கிளம்புகிற விமானம் அங்கே காலை 7.45 மணி வாக்கில் இறங்கும். பார்த்தால் ஏழு மணி நேரம் மாதிரி தெரியும். உட்கார்ந்திருப்பது நாலேகால் மணி நேரம்தான். திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 10 மணிக்குள் இறங்கிடலாம்.

1981 வரை இந்த வித்தியாசம் 2 மணி நேரம்தான். 1982 ஜனவரி 1-ந் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது.

டிக்கெட்டில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். அங்கே அழைத்துப் போக ஆள் வர்றாங்கன்னா சிங்கப்பூர் நேரத்தைச் சொல்லணும்.

தேதியில் கோட்டை விடாதீங்க

பணம் போவது இங்கேதான். டிக்கெட்டில் '15-ந் தேதி, 00.30' என்று இருந்தால் அது 14-ந் தேதி ராத்திரி. 14-ந் தேதி இரவு 9.30 மணிக்கே விமான நிலையத்தில் இருக்கணும். 15-ந் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின நாளே பறந்திருக்கும். கடன் வாங்கி எடுத்த டிக்கெட் என்றாலும் கம்பெனி இரக்கப்படாது. வழக்கமாக புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிடுவாங்க.

2024 ஜூன் முதல் புதிய முனையத்தில்தான் விமானம் ஏறணும். பழைய ஞாபகத்தில் கடைசி நிமிடம் ஓட வேண்டாம்.

கொழும்பு வழியாக மாறிப் போகிற டிக்கெட் சில நேரம் விலை குறைவாக கிடைக்கும். திருச்சி-கொழும்பு சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கே அடுத்த விமானத்துக்கு எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கணும் என்பதை ஏஜெண்டிடம் கேட்டுவிட்டு பணத்தைக் கொடுங்க.