பழங்கற்படி

பழங்கட்டடம் ஒன்றை இடித்துப் புதுக்க வேண்டும். ஆனால் ஊரின் கணக்கெல்லாம் அக்கட்டடத்தின் சுவரிலேயே எழுதப்பட்டுள்ளது. என் செய்வது? ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே காவிரி நாட்டார் இதற்கு விடை கண்டனர்.

சோழர் காலத்துக் கோயிற்சுவர் வெறுஞ்சுவர் அன்று. இன்னார் இன்ன நிலத்தை அளித்தார். அதன் நான்கெல்லை இவை. நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர் என்றெல்லாம் அதில் பொறித்து வைத்தனர். எழுத்து அழிந்தால் உரிமையும் அழியும், விளக்கும் அணையும்.

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது திருமழபாடி. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013-ஐ ஒட்டி, அவ்வூர்க் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். இடிக்குமுன் சுவரிலுள்ள கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் படியெடுக்குமாறும் பணித்தான். 1014-இல் அவன் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அவை புத்தகத்திலிருந்து புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஊராரின் உரிமைகளைத் தாங்கி நின்றது அப்புத்தகமே!

இதற்கும் முன்னதாக, பத்தாம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவியார் தஞ்சை மாவட்டத்துத் திருக்கோடிகாவலில் கற்றளி எடுப்பித்தார். அப்போது பழஞ்சாசனங்களைப் புதுச்சுவரில் படியெடுத்தவர்கள், ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தும் வைத்தனர். அக்குறிப்பு எத்துணை நேர்மையானது! பல்லவ மன்னன் பெயர் சோழர் கால எழுத்தில் காணப்படுவது ஏன் என்று மயங்கும் ஆராய்ச்சியாளருக்கு அதுவே விளக்கமாகிறது.

இன்று இணையத்திலும் இதே வேலை நடைபெறுகிறது. இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் உரிய எண் முகவரியைக் காட்டும் பெயரேடு சில கணிப்பொறிகளில் உண்டு. அக்கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றுங்கால், ஏட்டை முதலில் படியெடுப்பர், புதியதில் ஏற்றுவர், ஒவ்வொரு பெயரும் உரிய எண்ணைத் தருகிறதா என ஒப்புநோக்குவர், அதன் பின்னரே பழையதை நிறுத்துவர். ஒப்புநோக்காது விடின், பெயர் இருந்தும் வழி தெரியாது போகும்.

ஒப்புநோக்காமையால் வரும் தீங்கை யானும் அறிவேன். யான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், கிழிந்துபோன சேர்க்கைப் பதிவேட்டைப் புதிய ஏட்டில் எழுதச் செய்தேன். சரிபார்க்காமலே கையொப்பமும் இட்டேன். பல ஆண்டுகட்குப் பின் ஒருவர் வந்தார். அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது. வேலையில் சேரவேண்டிய நேரத்தில் அவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நல்லவேளையாகப் பழைய ஏட்டை எறியாது வைத்திருந்தோம். அதனால் பிழை திருந்தியது.

புதுமை வேண்டும், அதை எவரும் மறுக்கவில்லை. இடிக்குமுன் படியெடுங்கள், எடுத்ததை ஒப்புநோக்குங்கள், அது படி என்பதை மறைக்காது எழுதுங்கள். திருமழபாடிக்கும் திருக்கோடிகாவலுக்கும் செல்லும்போது, அச்சுவர்களின் முன் சற்றே நின்று படித்துப் பாருங்கள்.