தூர்தர்ஷன் தொடர்கள்: மறதியும் மறுபார்வையும்

தூர்தர்ஷன் தொடர்கள் என்று இக்கட்டுரை குறிப்பவை, 1984 முதல் 1990களின் தொடக்கம் வரை இந்திய அரசுத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பான கதைத் தொடர்கள். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. 1982இல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்த பிறகுதான், ஒரே கதையை ஒரே இரவில் நாடே பார்க்கும் நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டுகளில் வந்த தொடர்களில் சில இன்றும் பெயரளவில் நினைவில் இருக்கின்றன. அவற்றை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு, பெயர்கூட மறைந்துபோனவை ஏராளம். காலம் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிட்டது என்றே பொதுவாக நினைக்கிறோம். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஒரு தொடர் மறுபடி காட்டப்பட்டதா, அதன் நாடா பிழைத்ததா, உரிமை யாரிடம் இருந்தது, எந்த மொழியில் வந்தது என்பவையே அதன் ஆயுளைத் தீர்மானித்தன. ஆகவே பழைய தொடர்களைத் திரும்பிப் பார்ப்பது ஏக்கத்தைத் தணித்துக்கொள்ளும் காரியமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. தற்செயலாக எழுதப்பட்ட ஒரு தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுப்பது அது.

தற்செயலின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குத் தெளிவான சான்று பிரிட்டனில் கிடைக்கிறது. பிபிசி 1970களின் இறுதிவரை தன் பழைய ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பதிவுக்குப் பயன்படுத்தியது. நாடா விலை உயர்ந்தது, மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கங்களின் கட்டுப்பாடு இருந்தது, வீட்டில் வாங்கிப் பார்க்கும் சந்தை அப்போது இல்லை. 1953இல் நாட்டையே கட்டிப்போட்ட ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டு மட்டுமே எஞ்சியுள்ளன. பாப் டிலன் இளைஞராக நடித்து 1963இல் ஒளிபரப்பான ஒரு நாடகம் 1968இல் அழிக்கப்பட்டது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் காணாமற்போன பகுதிகளில் ஒன்பது, 2013இல் நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டன என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட படச்சுருள்கள் அங்கேயே கிடந்ததால் கிடைத்தவை அவை. இந்த இழப்புகளிலும் மீட்புகளிலும் கலைத்தரம் எங்கும் குறுக்கிடவில்லை.

இந்தியாவில் அழிப்பைவிடப் புறக்கணிப்பே பெரிய பங்கு வகித்தது. 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் இரண்டு தொடர்கள் ஓடின. ஒன்று, ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் வந்தது. மற்றொன்று, கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’. இரவில் சில பகுதிகளாக வந்து முடிந்தது. முதலாவது வீடியோ நாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் பிற அலைவரிசைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கின் தொடக்கத்தில், தூர்தர்ஷன் அதையே மறுபடி எடுத்து ஓட்டியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். ‘தமஸ்’ படைப்புக்கு அப்படியொரு சுற்று வாய்க்கவே இல்லை. கதை முன்பே எல்லோருக்கும் தெரியும் என்பதும் பக்தி என்பதும் ராமாயணத்துக்கு இயல்பாகவே அமைந்த பலம்தான். ஆனாலும், ஒன்று மறுபடி மறுபடி காட்டப்பட்டது, மற்றொன்று அப்படிக் காட்டப்படவில்லை என்ற உண்மையைக் கணக்கில் எடுக்காமல் மக்களின் நினைவை அளப்பது சரியாகாது.

‘தமஸ்’ ஏன் மறுபடி பார்க்கப்பட வேண்டும்? இத்தொடருக்கு மூலமான நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர், பிரிவினையை நேரில் கண்டவர். அவருடைய நாவலுக்கு 1975இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோல் தொழில் செய்யும் நத்து என்ற ஏழைக்குக் காசு கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். மறுநாள் அது மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. ஊர் எரிகிறது. தன் கை செய்த வேலைக்கும் எரியும் ஊருக்கும் உள்ள தொடர்பை நத்து மட்டும் மெல்ல மெல்ல உணர்ந்து நொறுங்குகிறான். நத்துவாக ஓம் புரி நடித்தார். உயிருக்குத் தப்பி ஓடும் முதிய சீக்கியர் ஹர்நாம் சிங்காக நாவலாசிரியரே நடித்தார். இதில் துணை நடிகையாக நடித்த சுரேகா சிக்ரிக்குத் தேசிய விருது கிடைத்தது. கலவரத்தைச் சமூகங்களின் இயல்பான பகையாகக் காட்டாமல், ஒருவர் திட்டமிட, மற்றவர் வாய்ப்பாகப் பயன்படுத்த, ஆட்சியாளர் கைகட்டி நிற்க நடந்தேறும் காரியமாகக் காட்டியதே இத்தொடரின் வலிமை. ஒளிபரப்பை நிறுத்தக் கோரிப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இடைக்காலத் தடையும் கிடைத்தது. நீதிபதிகள் லென்டின், சுஜாதா மனோகர் இருவரும் தொடர் முழுவதையும் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். ‘ரமேஷ் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1988 பிப்ரவரியில் தடை கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது. எளிதில் தடுமாறும் மனங்களை வைத்து அளக்காமல், நிதானமுள்ள சாதாரண மனிதரின் பார்வையை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கருத்துச் சுதந்திர வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தீர்ப்பைப் படிக்கும் சட்ட மாணவர்களில் எத்தனை பேர் தொடரைப் பார்த்திருப்பார்கள் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய ‘பாரத் ஏக் கோஜ்’ இன்னும் விரிவான முயற்சி. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ நூலை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த 53 பகுதிகள். நேருவாக ரோஷன் சேத். இசை வன்ராஜ் பாட்டியா. ஒளிப்பதிவாளர் குரு தத் படங்களின் வி. கே. மூர்த்தி. வரலாற்றை ஒரே நடையில் சொல்லிவிட முடியாது என்று பெனகல் உணர்ந்திருந்தார். மகாபாரதத்துக்குத் தீஜன் பாயின் பாண்டவானியைக் கொண்டுவந்தார். ஒரு பழங்குடிக் கலைஞர் தம்பூராவை ஏந்தி நின்று கதை சொல்ல, அருகில் நாடகக் காட்சி விரியும். அதே கதையைப் பி. ஆர். சோப்ரா தந்த நகை, கிரீடம், அம்பு மோதல் வடிவத்தில் மட்டும் அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் வேறு உலகம். தமிழ் வாசகர் இத்தொடரைத் தேடிப் பார்க்கத் தனிக் காரணமும் உண்டு. சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இரண்டு பகுதிகள், சோழப் பேரரசுக்கு இரண்டு பகுதிகள் இதில் இருக்கின்றன. வட இந்தியாவையே இந்திய வரலாறாகச் சொல்லிவந்த ஊடகத்தில் கண்ணகியின் கதை நாடு முழுவதற்கும் இந்தியில் காட்டப்பட்டது சிறிய செய்தி அன்று. அச்சித்தரிப்பில் தமிழர் குறை காண இடம் இருக்கலாம். குறை காண்பதற்கும் முதலில் பார்த்தாக வேண்டும்.

‘ஹம் லோக்’ வேறு வகை. 1984 ஜூலை 7 முதல் 1985 டிசம்பர் வரை ஓடிய இது, இந்தியாவின் முதல் நெடுந்தொடர் என்று எல்லாப் பாடநூலிலும் இடம்பெறுகிறது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். மெக்சிகோவில் மிகேல் சபிதோ உருவாக்கிய, கதை வழியே சமூகப் பழக்கங்களை மாற்றும் தொடர்முறையை முன்மாதிரியாகக் கொண்டு, குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்ணின் நிலையையும் பேசுவதற்காகத் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி அன்றைய கதையைப் பற்றிப் பேசுவார். நான்கு லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதன் விளைவுகளை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கணவனின் குடியையும் மாமியாரின் சொல்லையும் பொறுத்துக்கொண்டு தேயும் தாய் பாகவந்தி, எச்சரிக்கையாக அமைக்கப்பட்ட பாத்திரம். பார்வையாளர்களில் பலர் அவளையே பின்பற்றத்தக்க பெண்ணாகக் கண்டார்கள். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளாக இந்திய மொழிகள் அனைத்திலும் கண்ணீர் சிந்தும் பொறுமைசாலி மருமகளே நெடுந்தொடர்களின் நாயகியாக இருப்பதன் வேர் இங்கேயே தெரிகிறது. ‘ஹம் லோக்’ தொடரின் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துபோகும் வரலாறு இந்த வேரைத் தொடுவதே இல்லை.

இந்த மறுபார்வைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது. அன்று ஒரே ஒரு அலைவரிசைதான். வேறு வழியின்றிப் பார்த்ததை இன்று பொற்காலம் என்று கொண்டாடலாமா? அரசின் ஊதுகுழலாக இருந்த நிறுவனத்தின் படைப்புகளை நம்பலாமா? பார்வையாளர் எண்ணிக்கையைத் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். மேலே சொன்ன எதுவும் அந்த எண்ணிக்கையை நம்பி நிற்கவில்லை. அரசின் குரல் என்பதும் செய்தி அறிக்கைக்கு முழுதாகவும் கதைத் தொடர்களுக்கு அரைகுறையாகவுமே பொருந்தும். பாசு சட்டர்ஜியின் ‘ரஜனி’ 1985இல் எரிவாயு உருளைக்கும் வாடகைக் காருக்கும் அலைக்கழிக்கப்படும் நுகர்வோரின் கோபத்தைப் பேசியது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு அது தைத்தது. சயீத் மிர்சாவும் குந்தன் ஷாவும் ‘நுக்கட்’ தொடரில் தெருமுனைத் தேநீர்க்கடையைச் சுற்றி வாழும் கூலிகளையும் பிச்சைக்காரரையும் வேலையில்லாதவரையும் நாயகர்களாக்கினார்கள். விளம்பரதாரரின் வாராந்தரக் கணக்கு கதையைப் பிடித்து இழுக்காத நிலையில், பதின்மூன்று வாரத்தில் கதையை முடித்தாக வேண்டும் என்று பல தொடர்களுக்கு இருந்த கட்டுப்பாடு எழுத்தை இறுக்கமாக்கியது. அந்தக் காலத்தில் சலிப்பூட்டும் தொடர்களும் வெறும் உபதேசங்களும் நிறையவே வந்தன. எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தவேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது வாதம் தமிழ்நாட்டுக்கே உரியது. மாலை ஒளிபரப்பின் நல்ல நேரத்தை இந்தி எடுத்துக்கொண்டது. திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் காத்திருந்த வீடுகளில் தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் பெட்டி அணைந்தது. ‘ஹம் லோக்’ தொடருக்கும் சென்னையில் வடக்கே கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. இந்த மனக்குறை நியாயமானது, அதற்கு மொழி அரசியல் வரலாறும் இருக்கிறது. திணிப்பின் மீதான கோபம் படைப்பின் மீதும் படிந்துவிட்டதுதான் இழப்பு. ‘மால்குடி டேஸ்’ இதற்கு உதாரணம். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணின் கதைகள். கன்னடக் கலைஞர் சங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கினார். எல். வைத்தியநாதனின் இசை, ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்கள். உடையிலும் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் முற்றிலும் தென்னிந்தியமான இந்தத் தொடரை நாடு இந்தியில் பார்த்தது. வசன வரிகள் எளிதாகிவிட்ட இன்று மொழி ஒரு காலத்தில் போட்ட வேலியைத் தாண்ட முடியும்.

தமிழ்த் தொலைக்காட்சியும் இதே கதியை எதிர்கொண்டது. கே. பாலசந்தரின் ‘ரயில் சினேகம்’ போன்ற தொடர்களைப் பற்றி நெடுங்காலம் பேச்சு மட்டுமே எஞ்சியிருந்தது. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, நவீனத் தமிழ்ச் சிறுகதைகளை வாரம் ஒன்றாகக் குறும்படமாக்கிய ‘கதை நேரம்’, சிறுகதை ஆசிரியர்களுக்குத் திரையில் கிடைத்த அரிய மரியாதை. தம் திரைப்படங்கள் சிலவற்றின் மூலப் படச்சுருள்களே அழிந்துவிட்டதைச் சொல்லி வருந்தி, ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். இதற்கு மாறாக, நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ இணையத்தில் ஏற்றப்பட்டதும், அது வந்தபோது பிறந்தே இராத ரசிகர்களைப் பெற்றது. தொடர் மாறவில்லை, அதை எட்டும் வழிதான் மாறியது. மறதிக்குக் காரணம் தரமா, கிடைக்காமையா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடை தேவையில்லை.

வழி திறப்பதற்குத் தடையாக இருப்பவை மூன்று. நாடாக்கள் ஈரத்திலும் பூஞ்சணத்திலும் சிதைகின்றன, அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. விளம்பரதாரர் தயவில் தனியார் தயாரித்த தொடர்களின் உரிமை நிலையத்திடம் இல்லாமல் தயாரிப்பாளர்களிடமும் அவர்களின் வாரிசுகளிடமும் சிதறிக் கிடக்கிறது. மூன்றாவது சட்டத்தின் மௌனம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும். திரைப்படத்துக்குப் புனேயில் 1964 முதல் தேசியக் காப்பகம் இருக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒப்படைக்கச் சொல்லும் அத்தகைய விதி எதுவும் இல்லை. பிரான்சு 1992இல் வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகளையும் கட்டாய ஒப்படைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அவற்றைத் தேசிய ஒலி, ஒளிக் காப்பகத்தின் பொறுப்பில் விட்டது. கன்னிமாராவுக்கு ஒரு கவிதைத் தொகுப்பு போய்ச் சேர்வதைப் போலவே, தமிழிலும் பிற மொழிகளிலும் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு தொடரின் படியும் ஒரு பொதுக் காப்பகத்துக்குப் போய்ச் சேரும்படி இந்தியச் சட்டம் திருத்தப்பட வேண்டும். எஞ்சிய பழைய நாடாக்களை மின்னணு வடிவுக்கு மாற்றும் பணி அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.