ஸ்பெயின் மாணவர்களின் இரவுகள்

ஸ்பெயின் நாட்டின் பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்களின் இரவு, பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி விடியற்காலை ஆறு மணி வரை நீள்வது வழக்கம். மேற்படிப்புக்காக அங்கு செல்லும் நம் மாணவருக்கு முதலில் புதிராக இருப்பது இந்த நேரக்கணக்குதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் பெரும்பாலும் நைட் ஷிப்டில் இருப்பவர். திருவள்ளூரில் அந்த நேரத்தில் ஒரு மாணவர் தெருவில் நடந்தால் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்பார்கள், மாணவி என்றால் கட்டாயம் கேட்பார்கள். சலமாங்காவிலோ கிரனாடாவிலோ யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கும் இது நெடுங்காலம் தடைசெய்யப்பட்ட ஒன்றாகவே இருந்தது.

சட்டமும் பாட்டும்

சலமாங்கா பல்கலைக்கழகம் 1218இல் நிறுவப்பட்டது. அதே நூற்றாண்டில் பத்தாம் அல்போன்சோ மன்னர் தொகுப்பித்த ‘ஏழு பகுதிகள்’ என்னும் சட்ட நூலில் கல்விக்கூடங்களுக்கென ஒரு தனித் தலைப்பு உண்டு. கல்விக்கூடம் அமையும் ஊரில் நல்ல காற்று வேண்டும், படித்துக் களைத்த மாணவர்கள் மாலையில் வெளியே வந்து மகிழ இடம் வேண்டும் என்கிறது அது. சில விதிகள் தள்ளி, மாணவர்கள் இரவில் சுற்றித் திரியாமல் தங்கள் விடுதிகளில் அமைதியாக இருக்கச் செய்வது தலைவரின் கடமை என்றும் சொல்கிறது. மாலை மாணவருக்கு, இரவு ஊராருக்கு என்ற இந்தப் பங்கீடு எந்த நூற்றாண்டிலும் முழுமையாக நிலைக்கவில்லை.

பங்கீட்டை முதலில் மீறியவர்களில் ஏழை மாணவர்களும் உண்டு. கையில் காசில்லாதவர்கள் இரவில் சத்திரங்களின் வாசலில் கிட்டார் வாசித்துப் பாடி, ஒரு கிண்ணம் சூப்பு பெற்று வயிற்றைக் கழுவினார்கள். அதனால் அவர்களுக்குச் ‘சோப்பிஸ்தா’ என்று பெயர். கறுப்பு மேலங்கியும் வண்ண நாடாக்களும் அணிந்து இன்று சுற்றுலாப் பயணிகள் முன் பாடும் ‘துனா’ என்ற மாணவர் இசைக்குழுக்கள், தங்கள் வரலாற்றை இவர்களிடமிருந்தே தொடங்குகின்றன. பசிக்குப் பாடியவர்களின் உடை இன்று நிழற்படத்துக்கு அழகாக இருக்கிறது.

தொலேதோவின் இரவுகள்

மாணவர் இரவுகளில் பெயர் பெற்றவை 1920களைச் சேர்ந்தவை. மத்ரித்தில் 1910இல் தொடங்கிய ‘ரெசிதென்சியா’ என்ற மாணவர் இல்லத்தில் பின்னாளில் திரைப்பட இயக்குநரான லூயிஸ் புனுவேல், கவிஞர் லோர்கா, ஓவியர் டாலி ஆகியோர் தங்கியிருந்தனர். 1923 மார்ச் 19 அன்று புனுவேல் ‘தொலேதோ சபை’ என்ற விளையாட்டுச் சபையை நிறுவினார். மத்ரித்திலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள பழைய நகரம் தொலேதோ. சபையில் ‘வீரர்’ பட்டம் பெற அந்நகரை நிபந்தனையின்றி நேசிக்க வேண்டும். ஓர் இரவு முழுவதும் மது மயக்கத்துடன் அதன் சந்துகளில் அலைந்திருக்கவும் வேண்டும். சீக்கிரம் தூங்கப் போகிறவர் எத்தனை தகுதி பெற்றிருந்தாலும் ‘எடுபிடி’ நிலையைத் தாண்ட முடியாது.

இவற்றை வாசிக்கும்போது இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கூத்து என்றே தோன்றும். அது சரியும்தான். ஆனாலும் இந்த நண்பர் குழுவின் முடிவை மறந்து அதைச் சொல்ல முடியாது. 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில் லோர்கா சுட்டுக் கொல்லப்பட்டார். சபையைச் சேர்ந்த கவிஞர் ஆல்பெர்த்தி 1977 வரை நாடு திரும்பவில்லை. அவர்கள் தங்கிய தொலேதோ சத்திரம் போரில் இடிந்தது.

பூட்டிய இரவு

போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. 1940 மார்ச் 16 அன்று அவரது அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது, பிறகு பழையபடி மாற்றவே இல்லை. நிலப்படத்தில் இங்கிலாந்துக்கு நேர் கீழே உள்ள நாடு இன்றும் ஜெர்மனியின் நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் மத்ரித்தில் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிப்பதற்கும் சாப்பாடு பத்து மணிக்கு நகர்ந்ததற்கும் இது ஒரு காரணம். இரவை அடக்க நினைத்த ஆட்சியே அதை நீட்டிவிட்டது ஒரு வேடிக்கை.

அடக்குமுறை வேடிக்கையாக இல்லை. மணமாகாத பெண் 25 வயது நிரம்பும் வரை பெற்றோர் அனுமதியின்றி வீட்டைவிட்டுத் தனியே வாழ முடியாது என்ற விதி 1972 வரை இருந்தது. மாணவர் கூட்டங்களைக் காவல்துறை கலைத்தது. சட்டக் கல்லூரி மாணவர் என்ரிக்கே ருவானோ 1969 சனவரி 20 அன்று காவலில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். நான்கு நாள் கழித்து நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மாணவர்களுக்கு ஆதரவாக நின்றதற்காக 1965இலேயே பதவி பறிக்கப்பட்ட பேராசிரியர்களில் ஒருவர் தியேர்னோ கல்வான். அவரே 1979இல் மத்ரித் மேயரானார்.

அவர் மேயராக இருந்த ஆண்டுகள்தாம் ‘மோவிதா’ எனப்படும் கொண்டாட்டக் காலம். அதன் தொடக்கமாகப் பலரும் குறிப்பது 1980 பிப்ரவரி 9 அன்று மத்ரித் பொறியியல் கல்லூரி அரங்கு ஒன்றில், விபத்தில் இறந்த இளம் டிரம்ஸ் கலைஞர் ஒருவரின் நினைவாக நடந்த இசை நிகழ்ச்சியை. தடை போன வேகத்தில் எச்சரிக்கையும் போயிற்று. 1983 டிசம்பரில் ‘அல்கலா 20’ என்ற நடனக்கூடத்தில் தீப்பிடித்தபோது அவசர வழிகள் பூட்டிக் கிடந்தன. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹெராயின் அந்தத் தலைமுறையில் பல வீடுகளைக் காலி செய்தது. மோவிதாவைப் பொற்காலமாக மட்டும் எழுதுபவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

இன்றைய நிலை

1987இல் தொடங்கிய எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தால் ஐரோப்பிய மாணவர்கள் அதிகம் நாடும் நாடாக ஸ்பெயின் ஆனது. வெளிநாட்டு மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பல பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் இரவு வியாழக்கிழமைதான். வெள்ளியன்று உள்நாட்டு மாணவர்கள் துணி மூட்டையுடன் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை இரவில் எஞ்சுவது உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும்.

விடிய விடிய விழித்திருப்பது நமக்கு அந்நியமானதன்று. திருவள்ளூரை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து பார்ப்பார்கள், தூங்கிவிட்ட குழந்தையைச் சண்டைக் காட்சிக்கு எழுப்புவார்கள். ஊரே விழித்திருப்பதால் யாருடைய தூக்கமும் கெடுவதில்லை. ஸ்பெயினில் விழித்திருப்பவர்கள் ஒரே வயதினர், மாடியில் இருப்பவர் காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

அங்குள்ள இன்றைய வழக்கு இந்த மாடிவாசியுடையது. மதுக்கூடத்தில் குடிக்கக் காசில்லாத மாணவர்கள் கடையில் வாங்கித் தெருவில் கூடிக் குடிப்பதற்குப் ‘போத்தெய்யோன்’ என்று பெயர். இதைத் தடுக்க மத்ரித் மாநிலம் 2002இல் பொது இடத்தில் மது அருந்துவதைத் தடைசெய்தது. கிரனாடா நகராட்சி வேறு வழி பார்த்தது. ஊருக்கு ஓரமாக இதற்கென ஓர் இடத்தை ஒதுக்கியது, 2016இல் அதையும் மூடியது. மாணவர்கள் கலைந்து வேறு தெருக்களுக்குப் போனார்கள். மத்ரித்தில் மெட்ரோ நள்ளிரவுக்குப் பின் நின்று காலை ஆறு மணிக்கு மீண்டும் ஓடத் தொடங்குகிறது. கடைசி ரயிலை விட்டவர்களில் பலர் முதல் ரயில் வரை சூடான சாக்லேட்டில் சுர்ரோ என்ற மாவுப் பண்டத்தைத் தொட்டுத் தின்றபடி காத்திருக்கிறார்கள்.